தோல் முட்டை

டெல்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் கொண்ட இடம். டெல்லித் தமிழர்களுக்கு இந்த மார்க்கெட் நன்றாகத் தெரியும். இங்கே கறிவேப்பிலை கிடைக்கும். முருங்கைக்காய் கிடைக்கும். மீன், நண்டு, கருவாடு, கோழி எல்லாம் கிடைக்கும். எதிரே தில்லி ஹாட்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா தள்ளுவண்டி வைத்திருக்கிறார். அவித்த முட்டையும் ஆம்லெட்டும் விற்கிறார். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். எல்லோரும் அவரை முட்டைக்கடை அக்கா என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அக்கா தினமும் 5 டிரே முட்டை வாங்குவார். ஒரு டிரேயில் 30 முட்டை. டிசம்பர் குளிரில் முட்டை நன்றாக விற்கும். டிரேக்கு ஒரு முட்டை விரிந்திருந்தால் அதிகம்.

மே மாதம் வந்தால் கதை மாறும். ஒரு டிரேயில் 3 முட்டை விரிந்திருக்கும். சில நாள் 4 இருக்கும். வேகவைக்கும்போது இன்னும் இரண்டு வெடிக்கும். ஒழுகிய முட்டையைக் கொட்டத்தான் வேண்டும். உடைந்த ஓட்டின் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அதைச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

அன்றைய லாபம் அந்த உடைந்த முட்டையோடு போகும்.

முட்டை கொண்டு வரும் பையனிடம் அக்கா சண்டை போட்டார். "பார்த்துத் தூக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"நான் என்ன செய்ய? கர்மி ஹை, தீதி, கர்மி" என்றான் பையன். வெயில் அதிகம், அதனால்தான் என்று சொல்கிறான்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. வெயிலுக்கும் முட்டை ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்? இவன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தார்.

பையன் சொன்னது பொய் இல்லை. டெல்லிக்கு வரும் முட்டையில் பெரும்பகுதி ஹரியானா, பஞ்சாப் பண்ணைகளிலிருந்து வருகிறது. ஹரியானாவில் பஞ்ச்குலா மாவட்டத்தில் பர்வாலா என்று ஓர் ஊர். அங்கே கோழிப் பண்ணைகள் நிறைய. மே, ஜூன் மாதங்களில் அங்கே வெயில் கடுமையாக இருக்கும். அந்த வெயில் முட்டை ஓட்டை மெலிய வைக்கும். எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் அக்காவோடு ஊருக்குப் போவோம்.

ஊரில் ஒரு கவலை

ஆடி பதினெட்டுக்கு அக்கா ஊருக்குக் கிளம்பினார். புதுடெல்லியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினார். இரண்டு ராத்திரி கழிந்து சேலத்தில் இறங்கினார். அங்கிருந்து பஸ்.

வீட்டில் அம்மாவின் முகம் சரியில்லை.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை கண்ணு. கோழிதான் கொல்லுது."

அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தார். அந்தப் பணத்தில் 20 கோழிக்குஞ்சு வாங்கினார். நாட்டுக் கோழி இல்லை. தினம் முட்டை போடும் வெள்ளைப் பண்ணைக் கோழி. வீட்டுக்குப் பின்னால் வலை அடித்து வளர்த்தார். வெளியே விட்டால் நாய் பிடிக்கும், கீரி பிடிக்கும். அதனால் எப்போதும் வலைக்குள்தான்.

ஐந்து மாதத்தில் முட்டை வந்தது. முதல் மூன்று வாரம் நல்ல முட்டை. டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். குழுவுக்கு ஒரு தவணையும் கட்டியாயிற்று.

அதற்குப் பிறகு ஓடு மெலிந்தது. எடுக்கும்போதே விரல் பதிந்தது. பிறகு ஓடே இல்லாமல் முட்டை வந்தது. மேலே வெறும் தோல். கையில் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி ஆடும். கிராமத்தில் இதைத் தோல் முட்டை என்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தோல் முட்டையை யார் வாங்குவார்? கோழிகளே கொத்திக் குடித்தன. ருசி கண்ட கோழி நல்ல முட்டையையும் கொத்த ஆரம்பித்தது. ஒரு கோழிக்குக் கால் விழுந்துவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. அடுத்த தவணைக்குப் பணம் இல்லை.

"யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றார் அம்மா.

அப்போது தம்பி வேலை முடிந்து வந்தான். தம்பி ஒரு பெரிய கோழிப் பண்ணையில் தீவனம் கலக்கும் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கோழியைப் பார்க்கப் போகவில்லை. தீவன மூட்டையைப் பார்க்கப் போனான்.

மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

"அம்மா, இது எந்தத் தீவனம்?"

"கோழித் தீவனம்தான் சாமி. குஞ்சு வாங்கினப்போ கடைக்காரர் குடுத்தாரே, அதே மூட்டை. அதையேதான் வாங்கிட்டு வர்றேன்."

"மூட்டை மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

அம்மா அந்தக் காலத்தில் அறிவொளி வகுப்புக்குப் போனவர். கையெழுத்துப் போடுவார். பஸ் போர்டு படிப்பார். ஆனால் தீவன மூட்டையைப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றும்?

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கு... ஞ்... சு... குஞ்சுத் தீவனம்."

"அதுக்குக் கீழே?"

"கால்... சியம்... ஒரு சதவீதம்."

"முட்டை போடுற கோழிக்கு நாலு சதவீதம் வேணும்மா. நீங்க ஒண்ணுதான் போடுறீங்க" என்றான் தம்பி.

கால்சியம் என்பது சுண்ணாம்புச் சத்து. நம் எலும்பும் பல்லும் அதனால் ஆனவை. முட்டை ஓடும் அதனால் ஆனதுதான். குஞ்சுக்கு எலும்பு வளர்ந்தால் போதும். ஒரு சதவீதம் சரியாக இருக்கும். முட்டையிடும் கோழியோ தினமும் ஓர் ஓடு கட்ட வேண்டும்.

தம்பி தரையில் கரிக்கட்டியால் கணக்கு எழுதினான். நாமும் போட்டுப் பார்ப்போம்.

ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கால்சியம் இருக்கிறது. கோழி ஒரு நாளில் சுமார் 100 கிராம் தீவனம் தின்னும். ஒரு சதவீதம் என்றால் அதில் கால்சியம் 1 கிராம். வரவு 1 கிராம். செலவு 2 கிராம். அந்த 1 கிராமும் முழுசாக உடம்பில் ஒட்டாது. பாதிதான் ஒட்டும். மீதி எச்சத்தில் போய்விடும். அதனால்தான் தினம் 4 கிராம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"அப்போ மூணு வாரம் நல்ல முட்டை எப்படிடா போட்டுச்சு?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி.

"தன்னோட எலும்பைக் கரைச்சுப் போட்டுச்சுக்கா."

கோழி உடம்பு முழுவதும் உள்ள கால்சியம் சுமார் 20 கிராம்தான். ஆனால் ஒரு பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை போடும். அதற்கு 600 கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். தன் உடம்பில் இருப்பதைப் போல 30 மடங்கு! தீனியில் கிடைக்காதபோது கோழி எலும்பிலிருந்து எடுக்கும். முட்டையை உடனே நிறுத்தாது. எலும்பில் இருப்பதும் குறைந்தால் முட்டைக்கு ஓடு இருக்காது. கோழிக்குக் கால் விழும். அம்மாவின் கோழிக்கு நடந்தது இதுதான். கண்ணும் படவில்லை, காற்றும் படவில்லை.

ராத்திரி வேலை

அம்மா சும்மா இருக்கவில்லை. அவருக்கும் சுண்ணாம்புதான் குறை என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார்.

தம்பி அதைத் தூக்கிக் கொட்டினான்.

அம்மாவின் நினைப்பு சரி. மருந்துதான் தப்பு. வெற்றிலைச் சுண்ணாம்பு காரம். கோழியின் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். நீற்றாத சுண்ணாம்பு இன்னும் மோசம். தண்ணீர் பட்டதும் கொதிக்கும். கோழிக்கு வேண்டியது சுடாத சுண்ணாம்பு. அதாவது கடல் கிளிஞ்சல், அல்லது தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல். சுடாத வரைக்கும் அவற்றில் காரம் இல்லை.

"மண்ணில கல்லு பொறுக்குதே, அது போதாதா?" என்றார் அம்மா.

போதாது. ஆற்றுக் கல்லும் ஜல்லிக் கல்லும் கோழிக்கு அம்மிக்கல் மாதிரி. கோழிக்குப் பல் இல்லை. இரைப்பையில் அந்தக் கல் தீனியை அரைக்கும். அது கரையாது. சத்தும் தராது. கிளிஞ்சல் கரையும். கோழிக்கு இரண்டும் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடக் கூடாது.

கிளிஞ்சலைத் தூளாகப் போடுவதா, துண்டாகப் போடுவதா? பெரிய பண்ணைகள் இதில் மிகவும் கவனமாக இருக்கின்றன. காரணம் சுவையானது.

கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஒரு நாளைக்குச் சற்று அதிகம் ஆகும். வெள்ளை, தோல் எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓடு கட்டத்தான் நேரம் பிடிக்கும். சுமார் 20 மணி நேரம். அதில் பெரும்பகுதி வேலை ராத்திரியில் நடக்கும். ராத்திரியில் கோழி தின்னாது. இருட்டில் அதற்குக் கண் தெரியாது. கொத்தனார் வேலை செய்கிற நேரத்தில் சிமெண்டுக் கடை பூட்டியிருக்கிறது!

தூள் சீக்கிரம் கரைந்து, விடிவதற்குள் தீர்ந்துவிடும். துண்டு அப்படி இல்லை. மிளகு அளவுத் துண்டு இரைப்பையில் தங்கும். ராத்திரி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் பாதி தூளும் பாதி துண்டுமாகக் கொடுக்கிறார்கள். துண்டுக் கிளிஞ்சலைச் சாயங்காலத் தீனியோடு கொடுப்பது இன்னும் நல்லது. வயதான கோழிக்குத் துண்டைக் கூட்ட வேண்டும். வயதாக ஆக முட்டை பெரிதாகும். ஆனால் ஓட்டுக்குப் போகும் சுண்ணாம்பு அதே அளவுதான். அதே மாவில் பெரிய தோசை ஊற்றினால் மெலியத்தானே செய்யும்?

இப்போது அந்த டெல்லிப் பையனின் வெயில் கதைக்கு வருவோம். கோழிக்கு வியர்க்காது. வெயிலில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போகிறது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது. ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவும் அதோடு சேர வேண்டும். அது குறைந்தால் ஓடு மெலியும். வெயிலில் கோழி தீனியும் குறைவாகத் தின்னும். இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால் கோடையில் பண்ணைகளில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீனி போடுகிறார்கள். கூரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். தீவனத்தில் உப்பைக் கொஞ்சம் குறைத்துச் சமையல் சோடா சேர்ப்பதும் உண்டு. அளவு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

இதைக் கேட்டதும் அக்கா சிரித்தார். "அந்தப் பையனை அநியாயமா ஏசிட்டேன்" என்றார்.

கூடினாலும் கெடுதல்

சுண்ணாம்பு மட்டும் போதுமா? போதாது. பாஸ்பரஸ் என்று ஒரு சத்து உண்டு. சுண்ணாம்பு எலும்பில் தங்க அது வேண்டும். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. ஆனால் கோழியால் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்க முடியும். மீதி பூட்டிய பெட்டி மாதிரி. அதனால் பண்ணைகளில் டி.சி.பி. என்ற உப்பைச் சேர்க்கிறார்கள். பைட்டேஸ் என்ற நொதியையும் சேர்க்கிறார்கள். அது அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. 1990களில்தான் இது விற்பனைக்கு வந்தது. பாஸ்பரஸ் அளவு மீறினால் அதுவும் ஓட்டைக் கெடுக்கும்.

துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், அயோடின் முதலியவை மிகச் சிறிய அளவில் வேண்டும். ஒரு டன் தீவனத்துக்குக் கிராம் கணக்கில்தான். ஆனால் துத்தநாகமும் மாங்கனீசும் குறைந்தால் எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் ஓடு உறுதியாகாது. இவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கலக்க நம்மால் முடியாது. கோழிக்கென்று விற்கும் தாது உப்புக் கலவையை வாங்க வேண்டும். மாட்டுக்கு விற்கும் கலவை வேறு. அதன் அளவுகள் வேறு. பக்கத்து வீட்டில் மாட்டுக்கு வாங்கியது மீதி இருக்கிறது என்று கோழிக்குப் போட வேண்டாம்.

தம்பி ஒரு வித்தை சொன்னான். ஒரு கைப்பிடிக் கலவையை ஒரு மூட்டைத் தீவனத்தில் கொட்டிக் கிளறினால் சீராகக் கலக்காது. ஒரு கோழிக்கு எல்லாம் போகும். இன்னொரு கோழிக்கு ஒன்றும் போகாது. முதலில் ஒரு படி தவிட்டில் கலக்க வேண்டும். பிறகு அதை நான்கு படி தவிட்டில் கலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூட்டையில் கலக்க வேண்டும். பண்ணையில் பெரிய இயந்திரம் வைத்துச் செய்வதும் இதைத்தான்.

வலைக்குள் ஓரமாகக் கொஞ்சம் கருவாடு கிடந்தது.

"இது எதுக்கும்மா?"

"கருவாடு கோழிக்கு நல்லதாமே. மீந்ததைப் போட்டேன்."

கருவாடு நல்லதுதான். அதன் முள்ளில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் இருக்கின்றன. ஆனால் நாம் தின்னும் கருவாட்டில் உப்பு அதிகம். கோழித் தீவனத்தில் 100 கிலோவுக்கு 300 முதல் 400 கிராம் உப்பு போதும். அதற்கு மேல் போனால் கோழி தண்ணீர் தண்ணீராகக் கழியும். மிகவும் கூடினால் செத்துப்போகும். குஞ்சுகள் முதலில் சாகும். அம்மாவின் வலைக்குள் தரை ஈரமாக இருந்தது ஏன் என்று இப்போது தெரிந்தது.

சுண்ணாம்பையும் கண்டபடி கொடுக்கக் கூடாது. முட்டையிடாத இளம் கோழிக்கு 4 சதவீதத் தீவனம் போட்டால் சிறுநீரகம் கெடும். முட்டை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது மெல்லக் கூட்ட வேண்டும். அதனால்தான் மூட்டைகள் மூன்று வகையாக வருகின்றன. குஞ்சுத் தீவனம், வளர் கோழித் தீவனம், முட்டைக் கோழித் தீவனம். மூட்டை ஒரே நிறத்தில் இருக்கும். எழுத்துத்தான் வேறு.

அம்மா செய்தது

மறுநாள் அம்மா கடைக்குப் போனார். இந்த முறை மூட்டையைப் படித்துப் பார்த்து வாங்கினார். முட்டைக் கோழித் தீவனம். கால்சியம் 4 சதவீதம். கூடவே உடைத்த கிளிஞ்சல் 5 கிலோ. கிளிஞ்சல் ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை. தீவனத்தில் மலிவான பொருள்களில் அதுவும் ஒன்று.

கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்கவில்லை. ஒரு தனிச் சட்டியில் வைத்தார். தேவைப்பட்ட கோழி தானே வந்து கொத்தியது. சுண்ணாம்பு குறைந்த கோழிக்கு அதன் ருசி தெரியும். சாயங்காலம்தான் சட்டியைச் சுற்றிக் கூட்டம் அதிகம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

கருவாடு நின்றது. தரை காய்ந்தது. முட்டையை உடனுக்குடன் எடுத்தார்கள். கொத்துவது குறைந்தது. இரண்டு வாரத்தில் டீக்கடைக்காரர் மறுபடி முட்டை கேட்டார். கால் விழுந்த கோழியைத் தனியாக வைத்துக் கையால் கிளிஞ்சல் கொடுத்துப் பார்த்தார்கள். அது பிழைக்கவில்லை. மீதி 19 கோழி நன்றாக இருக்கின்றன. ஒரு தவணை தள்ளிப்போனது. குழுவில் அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

தீவனத்தில் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985ல் தொடங்கியது. அங்கே தீவனப் பரிசோதனைக் கூடம் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். ஓடு மெலிவதற்கு நோயும் காரணமாக இருக்கலாம். தீவனத்தைச் சரிசெய்த பிறகும் தோல் முட்டை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் அக்கா தம்பியிடம் கேட்டார். "ஏண்டா, நான் தினமும் நூறு முட்டை ஓட்டை ஐ.என்.ஏ. மார்க்கெட் குப்பையில கொட்டுறேனே, அதுவும் சுண்ணாம்புதானே?"

"ஆமாக்கா. அரைக் கிலோவுக்கு மேல இருக்கும். கழுவிக் காயவெச்சு, சட்டியில நல்லா வறுத்து, நொறுக்கிப் போட்டா கோழிக்குக் கிளிஞ்சல் மாதிரிதான். முழு ஓடாப் போட்டா முட்டையைக் கொத்தப் பழகிடும்."

இப்போது அக்காவின் வண்டிக்குக் கீழே ஒரு சாக்கு தொங்குகிறது. ஓட்டையெல்லாம் அதில் போடுகிறார். கோழி வளர்க்கும் ஒருவர் வாரம் ஒரு முறை வந்து வாங்கிப் போகிறார்.

செய்து பாருங்கள்

ஒரு முட்டையைக் கண்ணாடி டம்ளரில் போடுங்கள். முட்டை மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். ஓட்டின் மேல் குமிழி குமிழியாக வரும். அது கரியமில வாயு. ஒரு நாள் கழித்துப் பழைய வினிகரைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். இரண்டு நாளில் ஓடு கரைந்துவிடும். மிஞ்சுவது தோல் முட்டை. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு கொட்டிவிடுங்கள், சாப்பிட வேண்டாம்.

கணக்குப் போடுங்கள்

அக்கா 5 டிரே முட்டை வாங்கினார். டிரேக்கு 4 முட்டை உடைந்தது. மீதி எத்தனை? உங்கள் ஊர் விலையில் நஷ்டம் எவ்வளவு?

ஒரு கோழிக்குத் தினம் 10 கிராம் கிளிஞ்சல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 19 கோழிக்கு 30 நாளைக்கு எத்தனை கிலோ வேண்டும்? அதன் விலையைக் கடையில் கேட்டு எழுதுங்கள். முதல் கணக்கின் விடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் உள்ள தீவன மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.